மருந்தடிக்காத நாலு வரிசை

கமாலும் மகள் ஷர்மினும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, திராட்சைத் தோல் உரித்தது.

கம்பத்தில் அவர்கள் வீட்டு அடுப்படித் தரையில் பிளாஸ்டிக் விரிப்பு. நடுவில் ஒரு கூடை பன்னீர் திராட்சை. ஷர்மின் தன் கைக்கு உறை மாட்டிக்கொண்டு அத்தாவுக்கும் மாட்டிவிட்டாள். கமாலின் கட்டைவிரல் தடிமன். முதல் பழத்திலேயே உறை கிழிந்தது. வேறொன்று மாட்டினாள், அதுவும் கிழிந்தது. அடுத்ததை மாட்டிக்கொண்டு, அடுப்பருகே நின்ற மனைவி லத்திபாவிடம் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

"ஆப்பரேசன் டாக்டர் மாதிரி இருக்கேனா?"

"புரோட்டாக் கடை மாஸ்டர் மாதிரி இருக்கீக."

காம்புப் பக்கம் கிள்ளி அழுத்தினால் சதை வழுக்கிக்கொண்டு ஒரு சட்டியில் விழும். கையில் மிஞ்சும் தோல் அடுத்த சட்டிக்கு. ஷர்மினுக்கு வேண்டியது தோல். கமால் சதைச் சட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அத்தா, சுகர்."

"சதையிலதான சுகரு. தோலுல மருந்துன்னு நீதான சொல்ற. அதுலயும் ஒண்ணு குடு, கணக்கு நேராயிரும்."

"மருந்துன்னு நான் சொல்லவே இல்ல."

"பின்ன என்னத்துக்கு உரிக்கிறோம்?"

"மருந்தா இல்லையான்னு பாக்க."

"அத மொதல்லயே சொல்லியிருந்தா இத்தன மாசம் நான் ஒழுங்கா தூங்கியிருப்பேன்," என்றார் கமால். ஆனால் உரிப்பதை நிறுத்தவில்லை.

தோலைப் பைகளில் கட்டி, ஐஸ் கட்டிகளுக்கு நடுவே பெட்டியில் அடுக்கினார்கள். கமால் அவளை வண்டியில் பேருந்து நிலையம் வரை கொண்டுவந்து விட்டார். மதுரைப் பேருந்தின் ஜன்னல் வழியாகப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, "வெயில் படாத பக்கமா வைக்கணும் தம்பி, உள்ள சரக்கு இருக்கு," என்று கண்டக்டரிடம் சொன்னார். கண்டக்டர் பெட்டியை ஒரு மாதிரி பார்த்தார். "அந்தச் சரக்கு இல்லப்பா. தோலு," என்றார் கமால். அந்த விளக்கத்தில் கண்டக்டரின் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அது ஞாயிற்றுக்கிழமை. அந்த வியாழன் காலையில் கமால் இறந்துபோனார்.

கமால் பிறவி விவசாயி அல்ல. இளவயதிலிருந்து ஜீப் ஓட்டியவர். விடிவதற்கு முன் கம்பத்தில் ஆள் ஏற்றி, கம்பம்மெட்டு வளைவுகளில் ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடுவார். பொழுது சாயும் நேரத்தில் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவார். ஜீப்புக்குள் எத்தனை பேர் என்பதை எந்த அதிகாரியிடமும் அவர் சரியாகச் சொன்னதில்லை. தோட்டத்தில் கற்ற மலையாளத்தை வீட்டில் கோபம் வந்தால் மட்டும் பேசுவார், யாருக்கும் புரியக் கூடாதென்று. லத்திபாவுக்கு எல்லாம் புரியும். புரிந்ததாக லத்திபா காட்டிக்கொண்டதில்லை.

நாற்பதைத் தாண்டியதும் சர்க்கரை நோய் வந்தது. நாளெல்லாம் உட்கார்ந்தே இருக்கிறீர்கள், நடங்கள் என்றார் டாக்டர். மற்ற டிரைவர்களுக்கும் டாக்டர்கள் அதைத்தான் சொன்னார்கள். அவர்கள் காலையில் கொஞ்சதூரம் நடந்துவிட்டு வந்து ஜீப்பில் உட்கார்ந்தார்கள். கமால் ஜீப்பை விற்றார். சுருளிப்பட்டிப் போகும் வழியில் தன் தகப்பனார் விட்டுப்போன நிலத்தில் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, திராட்சைக் கொடி ஏற்றினார். ஏன் திராட்சை என்று கேட்டவர்களிடம் அவர் சொன்ன காரணம் ஒன்றுதான்: பந்தல் வேலை என்பது கையைத் தூக்கிக்கொண்டே நடக்கிற வேலை, கழுத்திலிருந்து கெண்டைக்கால் வரை ஒரு சதை சும்மா இருக்க முடியாது. லாபம் நட்டம் பேசாமல் கெண்டைக்கால் பேசுகிறானே என்று சிரித்தார்கள். சர்க்கரை இறங்கியது. பல வருடம் இறங்கியே நின்றது. வயது ஏற ஏற மறுபடி ஏறியது, மாத்திரை கூடியது, பாதத்தில் உணர்ச்சி குறைந்தது. மாத்திரையை ஒருநாளும் தவறவிட்டதில்லை. பந்தலையும்.

அவரிடம் இன்னொரு பழக்கம் உண்டு. சந்தைக்குப் போவது முதல் தரம். உறவுக்கும் சிநேகிதத்துக்கும் சும்மா கொடுப்பது அதைவிட முதல் தரம். கொடுக்கிற பழத்தில் ஒரு புள்ளி இருந்தாலும் அது தன் மேல் உள்ள புள்ளி என்று நினைப்பார். இந்தப் பழக்கம்தான் பிறகு வினையானது.

ஷர்மின் மதுரையில் ஓர் ஆய்வகத்தில் மனிதத் தசைச் செல்களை வளர்க்கிறாள். அறுவை சிகிச்சைக்கு வந்த இடத்தில், சம்மதம் தந்த ஒருவரின் தொடையிலிருந்து எடுத்த துளித் தசை. அதிலிருந்து பிரித்த செல்கள் தட்டில் பெருகும். பெருகியதும் ஒன்றோடொன்று இணைந்து நீள நீள இழைகளாகும். சில நாள் மைக்ராஸ்கோப்பின் அடியில் தானாகவே துடிக்கும். கொடுத்தவர் யாரென்று ஷர்மினுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

கமாலுக்கு இது ஒப்பவில்லை. "என் தொடையில எடுத்துக்கயேன். வீட்டுச் சதை இருக்க வெளிச்சதை எதுக்கு?"

"ஆராய்ச்சி பண்றவங்க வீட்டாளுகிட்ட எடுக்கக் கூடாதுத்தா."

"பேரு தெரியாத மனுசன் சதைக்கு மூணு வேளையும் சோறு போடுற. ஒரு சலாங்கூட இல்லாம."

அன்றிலிருந்து ஃபோன் செய்தால் அவர் முதலில் கேட்பது, "ஆளு சௌக்கியமா?" என்பதுதான். சௌக்கியம், நேற்றுத்தான் சாப்பாடு மாற்றினேன் என்று ஷர்மின் சொன்னால்தான் அடுத்த பேச்சுக்குப் போவார்.

அவளுடைய கேள்வி சிறியது. திராட்சைத் தோலின் கருநீலமும் துவர்ப்பும் பாலிஃபீனால் என்கிற பொருள்களால் வருவது. அந்தப் பொருள்கள் பட்டால் மனிதத் தசை சர்க்கரையைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுமா? சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கு போய்ச் சேர வேண்டிய இடம் தசை. அது வாங்க மறுத்தால் சர்க்கரை ரத்தத்திலேயே நிற்கும். கமாலுக்கு நின்றது போல.

ஒருநாள் தோட்டத்தில் இதை அத்தாவுக்கு விளக்கப் போய், கம்பம்மெட்டு செக்போஸ்ட்டில் கொண்டுபோய் முடித்தாள்.

"ரத்தத்துல ஓடுற சர்க்கரைதான் ஜீப்பு. தசைதான் தோட்டம். இன்சுலின் வந்து சொன்னா செக்போஸ்ட்டுல கட்டையத் தூக்குவாக. உங்களுக்கு இன்சுலின் வருது, சத்தமும் போடுது. கட்டையத் தூக்குற ஆளு காதுல விழல."

"அதனால ஜீப்பெல்லாம் ரோட்டுல நிக்கிது."

"ஆமா. ஆனா நீங்க நடந்தீகன்னா, தசை அசையிற அசைவுலயே கட்டை தூக்கிரும். இன்சுலின் சொல்ல வேண்டியதில்ல. தோலுல இருக்கறதும் அதே மாதிரி தூக்குமான்னு பாக்குறேன்."

கமாலுக்குப் பிடிபட்டுவிட்டது. "நடக்கிற கதைதான். ஆபீசரு உள்ள ஒறங்குவான். வண்டி நிக்க நிக்க, எதுத்தாப்புல டீக்கடக்காரன் இருக்கான்ல, அவனே வந்து கட்டையத் தூக்கி விட்டுருவான். பல நாளு அப்படித்தான் போயிருக்கேன். உன் பாலிஃபீனாலு டீக்கடக்காரன்."

"இருக்கலாம். பாத்தாத்தான் தெரியும்."

"பாரு. பழம் நான் தாரேன்."

மறுவாரமே பழம் வந்தது. ஆய்வகத்தில் சொர்ணலதா மேடம், ஷர்மினின் வழிகாட்டி, பெட்டியைத் திறந்தவர், "இத அரைக்க மனசே வராதே!" என்றார். ஒவ்வொரு பழமும் எண்ணெய் தடவினாற்போல மின்னியது. தோலை உரித்து, ஆல்கஹாலில் ஊறவைத்து, சாற்றை எடுத்து உலர்த்தி, செல்களுக்கு மிகக் கொஞ்சமாகக் கொடுத்தாள் ஷர்மின். மறுநாள் செல்கள் எல்லாம் தட்டின் அடியை விட்டுப் பெயர்ந்து மிதந்தன. அளவைக் குறைத்துக் கொடுத்தாள். மிதந்தன. இன்னும் குறைத்தாள். மிதந்தன. சாறு கொடுக்காத தட்டில் செல்கள் நன்றாக ஒட்டியிருந்தன.

ஃப்ரிஜ்ஜில் மிச்சமிருந்த கொத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கொடியிலிருந்து வந்த பழத்தின் மேல் இயற்கையாகவே வெள்ளையாக மாவு படிந்திருக்கும். விரல் பட்டால் தடம் விழும். இதில் மாவே இல்லை. அத்தாவுக்கு ஃபோன் செய்தாள்.

"ஆளு சௌக்கியமா?"

"செத்துப் போயிட்டாரு."

"யா அல்லாஹ். என்னம்மா சொல்ற?"

"அத்தா, பழத்த எதுவும் பண்ணீகளா? மேல மாவு இல்ல."

"தொடச்சேன்."

"எதுக்கு?"

"கறை இருந்துச்சு. ஈரத்துணி வச்சு ஒண்ணொண்ணா நானும் உங்கம்மாவும் தொடச்சோம். நல்லா இருந்துச்சுல்ல?"

"என்ன கறை?"

கமாலின் குரல் கொஞ்சம் இறங்கியது. "மயில்துத்தக் கறைதான். உனக்குப் போற கொத்தாச்சேன்னு அதுக்கு மட்டும் ஒருதரம் கூட அடிச்சேன். புள்ளி கிள்ளி விழுந்துறக் கூடாதுன்னு."

மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிற மருந்தில் இருப்பது செம்பு. கொடியில் பூஞ்சணம் வராமல் காப்பது அதுதான். தட்டில் வளரும் செல்லைக் கொல்லவும் அதில் கொஞ்சம் போதும். பக்கத்து ஆய்வகத்தில் சாற்றைக் கொடுத்து அளந்து பார்த்தார்கள். துடைத்த பின்னும் தோலில் ஒட்டியிருந்தது செம்பேதான்.

"அப்ப ஆளக் கொன்னது நானா?"

"ஆளு எங்கயோ நல்லாத்தான் இருக்காரு. செத்தது அவரோட செல்லு."

"அது வேற, அவரு வேறயா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கமால் ஃபோனை வைத்தார்.

ஷர்மின் வேறு இடத்தில் பழம் வாங்கலாம் என்று இருந்தாள். கமால் மறுநாள் காலையிலேயே பேசினார். முடிவெடுத்துவிட்டிருந்தார். அறுப்பு முடிந்த கொடியைக் கவாத்து வெட்டி, புதுத் துளிர் வரப்போகிற நேரம். நாலு வரிசைக்கு ஒரு சொட்டு மருந்து படாது. எந்த மருந்தும்.

"நடக்காதுத்தா. அடிச்சாம்பல் நோய் வந்தா மொத்தமும் போயிரும்."

"வராமப் பாக்குறேன்."

"எப்படி?"

"நடந்துதான்."

அந்த நாலு வரிசையை அவர் தேர்ந்தது மேற்கு ஓரத்தில். மலைக்காற்று நேராக வந்து இலையைக் காயவைக்கிற இடம் அது ஒன்றுதான். ஈரம் நிற்காத இடத்தில் அடிச்சாம்பல் லேசில் பிடிக்காது. சிக்கல் என்னவென்றால், அந்த ஓரத்து வேலிக்கு அப்பால் குருசாமியின் பந்தல். போன வருடம் அதே நோயில் ஒரு வெள்ளாமையை முழுதாகப் பறிகொடுத்தவர் குருசாமி. கமாலும் அவரும் சிறுவயதிலிருந்து மச்சான் முறை கூப்பிட்டுக்கொள்பவர்கள். அந்த முறையெல்லாம் பேச்சில்தான், பந்தல் விஷயத்தில் செல்லாது.

"கிறுக்குப் புடிச்சிருச்சா மச்சான்? உன் வீட்டுல தீயக் கொளுத்தி வச்சுக்கிட்டு என் கூரைய தீப்பத்தாமப் பாத்துக்கங்குற."

"ஒத்த எலை புள்ளியோட உன் பக்கம் விழுந்தா, நாலு வரிசையையும் நானே வெட்டிப் போட்டுருறேன்."

"எலை விழுந்தாத்தான் வருமா? காத்துல வரும். நீ மழைய வெட்டிப் போடுவியா?"

"ஒரே ஒரு வெள்ளாமை. என் மக கேட்டுருக்கா."

"உன் மக படிச்சவ, அவ இப்படிக் கேக்க மாட்டா. இது நீயாக் கெளப்புனது."

அது உண்மைதான். ஆனாலும் குருசாமி கடைசியில் ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு வெள்ளாமை என்று இரண்டு முறை சொல்ல வைத்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

குருசாமி தன் பந்தலுக்கு மருந்தடிக்கும்போது சாரல் வேலி தாண்டி வராமலிருக்க, கமால் லத்திபாவின் பழைய சேலைகளைக் கல்தூணுக்குக் கல்தூண் இழுத்துக் கட்டினார். பச்சை, ரோஸ், மஞ்சள் என்று வேலி நீளத்துக்கும் ஆடியது.

"என்ன மச்சான், கொடிக்கெல்லாம் பர்தா போட்டாச்சு போல?" என்று அந்தப் பக்கமிருந்து குருசாமியின் குரல்.

"உன் கண்ணு படக் கூடாதுல்ல."

தினமும் விடிகாலை சுபுஹுத் தொழுகை முடிந்து நேராகத் தோட்டம். பந்தலுக்குக் கீழே அண்ணாந்தபடி நடப்பார். இலையின் மேல் எண்ணெய் சொட்டினாற்போல ஒரு மஞ்சள் திட்டு தெரிந்தால் போதும், இலையைத் திருப்பிப் பார்ப்பார். அடியில் வெள்ளைப் பூஞ்சணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிள்ளிச் சாக்கில் போட்டுக்கொள்வார். காற்று உள்ளே புக, கொடியை ஒதுக்கி ஒதுக்கிக் கட்டுவார். தோட்டத்தில் வேலை செய்யும் மூக்கம்மாள், "அண்ணாந்தே நடந்து ஒருநா கெணத்துல விழப் போறீக," என்று ஏசிக்கொண்டு கூடவே வருவார். குருசாமியின் பந்தலில் குருசாமி தேடியதை விட அதிகமாகக் கமால் தேடினார். வேலி தாண்டிப் போய் அவருடைய இலைகளையும் திருப்பிப் பார்த்தார்.

பிஞ்சு பிடிக்கிற நேரத்தில் மழை வந்தது. விட்டு விட்டு, வாரம் முழுக்க. மஞ்சள் திட்டு ஓர் இலையில் தொடங்கி மூன்று கொடிகளில் ஏறியது. ஷர்மின் ஃபோனில் சொன்னாள்: "அடிச்சிருங்கத்தா. அடுத்த தடவ பாத்துக்கலாம். எனக்கு அவசரமில்ல."

"எனக்கு அவசரம் இருக்கு."

"என்ன அவசரம்?"

"கேட்ட பழத்த நல்லதா குடுக்கல. அத நேர் பண்ணணும்."

மூன்று கொடிகளையும் தூரோடு வெட்டினார். பச்சையாக வெட்டிய கொடியைச் சாக்கில் கட்டி, தானே சுமந்து தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் எரித்தார். மற்றக் கொடிகளில் பாதிக் கொத்துக்கு மேல் உதிர்த்தார். எஞ்சிய கொத்துக்கு ஒவ்வொன்றாகக் காகிதம் கட்டினார். மழை விட்டது. குருசாமியின் பந்தலில் ஒரு திட்டுகூட வரவில்லை.

நாலு வரிசையில் ஒரு கூடைதான் தேறியது. பழம் சிறிது. புள்ளி உண்டு, சூம்பியது உண்டு. மேலே மாவு வெள்ளையாகப் படிந்திருந்தது. "இந்தத் தரத்துல யாருக்கும் நான் பழம் குடுத்ததில்ல," என்று சொல்லித்தான் கமால் அந்தக் கூடையை அடுப்படித் தரையில் வைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை உரித்தது இந்தப் பழத்தைத்தான்.

புதன்கிழமை மாலை ஷர்மின் பேசினாள்.

"ஆளு சௌக்கியமா?"

"சௌக்கியம் அத்தா. சாறு குடுத்து ஒருநாளாச்சு. ஒரு செல்லுகூட மிதக்கல. அப்படியே படுத்துருக்காரு."

கமால் உரக்கச் சிரித்தார். சிரித்துவிட்டு லத்திபாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏ, ஆளு உசுரோட இருக்கானாம்!" பிறகு கேட்டார்: "சர்க்கரைய வாங்குறாரா?"

"அத இனிமேத்தான் பாக்கணும். ஆனா ஒண்ணு சொல்லணும். நல்லபடியா வந்தாலும் இந்த ஒரு அறுவடைய வச்சு எதுவும் சொல்ல முடியாது. மழை, வெயிலு, மண்ணு, எதுனால வந்துச்சோன்னு கேப்பாக. இன்னொரு வெள்ளாமையில அதே மாதிரி வரணும்."

கமாலுக்கு உடனே வேலி நினைவு வந்தது. கவாத்து வெட்டினால் துளிர் வரும். துளிர் வந்தால் மருந்தடிக்க வேண்டும். குருசாமியிடம் வாங்கிய சம்மதம் ஒரு வெள்ளாமைக்கு மட்டும்.

"திட்டுவான். வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சு போயி மச்சான்கிட்டப் பேசுறேன். கவாத்துக்கு முன்னாடி கேட்டுறணும். நீ அந்த ஆளப் பாத்துக்க."

வியாழன் காலையில் பள்ளிவாசலிலிருந்து தோட்டத்துக்குப் போனவர், மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்தார். மூக்கம்மாளிடம் நெஞ்சு வலிக்கவில்லை என்றே சொன்னாராம். வேர்க்கிறது, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்றாராம். சர்க்கரை வெகுநாள் இருந்தால் நரம்பு மரத்து, நெஞ்சுவலி தெரியாமலே மாரடைப்பு வரும் என்பதை ஷர்மின் படித்திருக்கிறாள். மூக்கம்மாளின் சத்தம் கேட்டு வேலி தாண்டி ஓடிவந்தவர் குருசாமி. தன் காரில் தூக்கிப் போட்டுத் தேனிக்கு ஓட்டினார். சின்னமனூர் தாண்டும்போது பின்சீட்டிலிருந்து பதில் வரவில்லை.

அன்று மாலையே கம்பத்தில் அடக்கம். குருசாமி மண் தள்ளினார்.

ஷர்மின் ஒரு வாரத்தில் மதுரைக்குத் திரும்பினாள். இன்னும் கொஞ்சநாள் இருந்துவிட்டு வரலாமே என்றார் சொர்ணலதா மேடம். செல்கள் இருக்காது என்றாள். அடுத்த தட்டுகளில் வளர்ந்தவை இழையாகி நிற்பது சில நாள்தான். அதற்குள் பார்க்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. இருக்கிற தோலோ ஒரு கூடைப் பழத்தினுடையது.

ஒளிரும் சர்க்கரையைச் செல்களுக்குக் கொடுத்து, உள்ளே எவ்வளவு போயிற்று என்பதை வெளிச்சத்தால் அளப்பது முறை. சில தட்டுகளுக்கு இன்சுலின் மட்டும். சிலவற்றுக்குத் தோல் சாறு மட்டும். சிலவற்றுக்கு இரண்டும். சிலவற்றுக்கு ஒன்றுமில்லை. எந்தத் தட்டில் எது என்று தெரியாமலிருக்க, மேடமே குறி போட்டு வைத்தார். ஷர்மின் அளந்தாள், மறுபடி அளந்தாள், குறியைப் பிரித்தாள்.

சாறு கொடுத்த செல்கள் இன்சுலின் இல்லாமலே கூடுதலாகச் சர்க்கரை எடுத்திருந்தன. மிக அதிகம் என்று சொல்ல முடியாது. தற்செயல் என்றும் சொல்ல முடியாது. தசை அசையும்போது உள்ளே விழித்துக்கொள்கிற ஒரு நொதி உண்டு. அதை ஒரு வேதிப்பொருளால் முடக்கிவிட்டுப் பார்த்தாள். சாற்றின் வேலை பாதிக்கு மேல் நின்றுபோனது. அப்படியானால் கட்டையைத் தூக்கியது ஆபீசர் இல்லை. டீக்கடைக்காரர்தான்.

யாருக்குச் சொல்வது என்று ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு மேசையில் வைத்துவிட்டு, கணக்கைத் திரும்பப் பார்த்தாள்.

இது மருந்தில்லை என்று அவளுக்குத் தெரியும். தட்டில் கொடுத்த அளவு ரத்தத்தில் சேர வேண்டுமானால் எவ்வளவு தோல் தின்ன வேண்டும், அதில் எவ்வளவு குடலிலேயே சிதைந்துவிடும் என்பது தனிக் கதை. அத்தா இருந்திருந்தால் மாத்திரையைக் குறைக்கலாமா என்று கேட்டிருப்பார். கூடாது என்று அவள் சொல்லியிருப்பாள். சொர்ணலதா மேடம் வரைபடங்களைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. இன்னொரு அறுவடை வேணும்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். வேறு எதையும் அவளும் எதிர்பார்க்கவில்லை.

கம்பத்தில் லத்திபா கணவனுக்காக இத்தா இருந்தார். நாலு மாதமும் பத்து நாளும் முடியும் வரை வெளியே வரக் கூடாது. வெளி ஆண்கள் பார்க்க வரவும் கூடாது. குருசாமியிடம் போய்ப் பேச வீட்டில் வேறு ஆளில்லை. மூக்கம்மாள் ஃபோனில் சொன்னார்: கொடி காய்ந்து நிற்கிறது, இந்த வாரம் கவாத்து வெட்டியாக வேண்டும், அந்த நாலு வரிசைக்கு என்ன செய்ய?

ஷர்மின் முதல் பேருந்தில் வந்தாள். அம்மாவிடம் சலாம் சொல்லிவிட்டு நேராகத் தோட்டத்துக்குப் போனாள். சேலைகள் இன்னும் வேலியில் கட்டியபடி இருந்தன. வெயிலில் நிறம் வெளுத்திருந்தது. குருசாமி தன் பந்தலுக்குக் கீழே கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார்.

"வா ஆத்தா. எப்ப வந்த? அம்மா எப்படி இருக்காக?"

"இருக்காக மாமா. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அத்தா வெள்ளிக்கிழம வந்து கேக்குறதா இருந்தாக."

"என்ன கேக்க?"

"மொத வெள்ளாமையில நல்லாத்தான் வந்துச்சு. இன்னொரு வெள்ளாமைக்கு அந்த நாலு வரிசைய மருந்தடிக்காம விடணும்."

குருசாமி கம்பியைக் கீழே போட்டார். "ஒண்ணே ஒண்ணுன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணாத கொறையாச் சொன்னாரு உங்கத்தா. அந்த மழையில நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா? காலையில எந்திரிச்சு எலையப் பாக்கப் பயந்துக்கிட்டே வருவேன்."

"தெரியும்."

"அப்ப மொத வெள்ளாமையில வந்தது பொய்யா?"

"பொய்யில்ல மாமா. ஒருதரம் வந்தத உண்மைன்னு சொல்லவும் முடியாது."

"அப்ப ரெண்டாந்தரமும் வந்துச்சுன்னா, இதக் குடிச்சு சுகரு போயிருமா?"

"போகாது. இன்னும் நெறைய பாக்கணும்."

"அப்புறம் எதுக்குடா இந்தப் பாடு?" என்று பந்தலைப் பார்த்துக் கேட்டார் குருசாமி. திரும்பி அவளைப் பார்த்தார். "எலைய யாரு பாப்பா? உங்கத்தா தெனம் நடந்தாரு."

"மூக்கம்மா தெனம் பாப்பாக. சனி, ஞாயிறு நான் வருவேன். மழை புடிச்சா லீவு போட்டு வருவேன். புள்ளி கண்டா நானே வெட்டுறேன்."

"உனக்கு அருவா புடிக்கத் தெரியுமா?"

"தெரியாது. கத்துக்குறேன்."

குருசாமி வேலியருகே போய் ஒரு சேலையை ஒதுக்கி, அந்தப் பக்கத்து வரிசைகளைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"ரெண்டு வரிசை. என் வேலியோரத்து ரெண்டுக்கும் மருந்தடிச்சிரணும். அந்தப் பக்கத்து ரெண்ட வச்சு என்னமோ பண்ணு."

ஷர்மின் மனதுக்குள் கணக்குப் போட்டாள். நாலு வரிசையில் ஒரு கூடை. இரண்டில் அரைக் கூடை. ஒரு தட்டில் தொற்று விழுந்தால் மறுபடி செய்யத் தோல் இருக்காது. அது போகட்டும். மருந்தடித்த வரிசை பக்கத்திலேயே வந்தால் சாரல் மேலே படும், செம்பு ஏறும்.

"ரெண்டு பத்தாது மாமா. மருந்தடிச்சதுக்கும் அடிக்காததுக்கும் நடுவுல ஒண்ணு சும்மா நிக்கணும். மூணாக் குடுங்க. வேலியோரத்து ஒண்ணுக்கு மட்டும் அடிச்சுக்கலாம்."

"உங்கத்தா வந்து கேட்டிருந்தா நாலும் கேட்டிருப்பாரு."

"ஆமா."

"குடுத்திருக்க மாட்டேன்."

"தெரியும் மாமா. அதான் மூணு கேக்குறேன்."

குருசாமி சேலையை இன்னும் கொஞ்சம் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, வேலியோரத்து முதல் வரிசையை விட்டுவிட்டு, அந்தப் பக்கமாக மூன்று வரை எண்ணினார்.